மருந்து புழங்கும் கை

திருத்தங்கலில் காலை ஏழு மணிக்குச் செல்லத்தாய் வேலைக்குப் போகிற நடையைப் பார்த்தால், பட்டாசுக் கம்பெனியை அவளுக்காகத்தான் திறக்கிறார்கள் என்று தோன்றும். தூக்குவாளி இடது கையில் இருக்கும். வலது கையை வீசிக்கொண்டு நடுத்தெருவில் போவாள். எதிரே சைக்கிளில் வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். அவள் ஒதுங்கியதாக யாரும் பார்த்ததில்லை.

சூலக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், பருத்தி விதைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கல்யாணம் ஆகித் திருத்தங்கலுக்கு வந்தாள். புருஷன் கருப்பணன் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்துச் செல்லத்தாய் பேசினாள். மூன்றாவது மாதமே தானும் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னாள். மாமியார் மாரித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது சம்மதம் இல்லை என்று அர்த்தம். செல்லத்தாய் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே போய்விட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது திரி வெட்டும் வேலை. நூலில் கரிமருந்தைக் குழைத்துப் பூசிக் காயவைத்த கருந்திரியை, வெடிக்குத் தக்கபடி அளவு பார்த்து வெட்ட வேண்டும். கை வேகமும் கண் நிதானமும் வேண்டிய வேலை. இரண்டும் அவளிடம் இருந்தன. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மட்டும் போகாது. அடுப்புச் சாம்பலைப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாலும் விரல் நுனி கறுப்பாகவே இருக்கும். அதைப் பற்றி அவள் வெட்கப்பட்டதே இல்லை. உழைக்கிற கை என்று நீட்டிக் காட்டுவாள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். ‘மருந்து காயுது, மழை வரும்போல இருக்கு’ என்று ஒருவன் ஓடினால், அவன் வைத்தியர் வீட்டுக்கு ஓடுவதாக இங்கே பச்சைப் பிள்ளைகூட நினைக்காது. பாட்டிலில் வருகிற மருந்து அடுத்தபடிதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் குழப்பமில்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்றில் அந்தச் சொல் செல்லத்தாயின் தலையில் வந்து விழுந்தது.

கருப்பணனின் தம்பி உக்கிரபாண்டி. அவனும் மருந்து செலுத்துகிறவன்தான். அவன் பொண்டாட்டி பொன்னுத்தங்கம், வீட்டில் இருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுவாள். அதிர்ந்து பேசமாட்டாள். சிரிப்பு வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். செல்லத்தாய்க்கு அவளைக் கண்டால் உயிர். இரண்டு பிரசவத்துக்கும் தண்ணீர் ஊற்றியது, பத்தியச் சோறு ஆக்கியது, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது எல்லாம் அவள்தான். பொன்னுத்தங்கம் அவளை வாய் நிறைய அக்கா என்பாள்.

இரண்டாவது பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது, சித்திரை வெயிலில், பொன்னுத்தங்கத்துக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் எழுந்தால் கை மடங்காது. தீப்பெட்டி அட்டையை மடிக்கிற விரல்கள் பிள்ளையைத் தூக்கவே திணறின. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். சீப்பு வைத்தால் முடி கொத்தாக வந்தது. மூக்கின் மேலும் இரண்டு கன்னத்திலும் சிவப்பாக ஒரு தடிப்பு ஏறி, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி நின்றது. ஆவணியில் வாய்க்குள் புண் வந்தது. சோற்றை வாயில் வைத்தால் எரிகிறது என்று துப்பினாள்.

வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். சிவகாசியில் ஒரு டாக்டர் அவள் கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். தள்ளிப்போட்டார்கள். சோற்றைத் துப்புகிறாள், முடி கொட்டுகிறது என்றால் மாரித்தாய்க்கு டாக்டர் தேவைப்படவில்லை. யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆகாதவர்கள் வைக்கிற அந்த மருந்தை ஊரில் எவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லை என்று சொல்லும் ஆளும் ஊரில் கிடையாது.

மருந்து எடுக்கிறவர் ஒருவரை அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே இருந்து வரவழைத்தார்கள். பித்தளைக் குழலைப் பொன்னுத்தங்கத்தின் வயிற்றில் வைத்து உறிஞ்சினார். வாழை இலையில் துப்பினார். கறுப்பாக ஓர் உருண்டை, அதில் சுற்றிய இரண்டு முடி. இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எல்லா ஊரிலும் சொல்கிற வசனத்தை இங்கேயும் சொன்னார்.

“வெளியாள் வைக்கல தாயி. மருந்து புழங்குற கைதான் வச்சிருக்கு.”

அவர் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாயமந்திரம் தெரிந்த கை, அவ்வளவுதான். அங்கே யாரும் வெடி செய்வதில்லை. இங்கே அந்த வீட்டில் கூடியிருந்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அந்தச் சமயம் பார்த்துச் செல்லத்தாய் கம்பெனியிலிருந்து வந்து வாசலில் நின்றாள். நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே மாரித்தாய் அடுப்படியில் வந்து நின்றாள். கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னாள். இனி அந்த அடுப்பில் அவள் கை படக்கூடாது என்றாள். வருஷம் முழுக்கப் பேசாத கருப்பணன் அன்றைக்குப் பேசினான். மருந்து புழங்குகிற கை என்றால் தானும் தம்பியும் நாள் முழுக்க மருந்திலேதானே கிடக்கிறோம், அப்படியென்றால் நாங்கள் வைத்தோமா என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஆம்பளைக் கை என்றைக்கு அடுப்புப் பக்கம் வந்தது என்று மாரித்தாய் திருப்பிக் கேட்டாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அந்த வீட்டில் எந்த ஆம்பளையும் அதைத்தான் செய்திருப்பான்.

இதையெல்லாம் செல்லத்தாய் தாங்கிக்கொண்டாள். மாமியார் பேச்சு அவளுக்குப் புதிதில்லை. அவளைச் சாய்த்தது வேறு. மாமியாருக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்துக்கொண்டு பொன்னுத்தங்கத்திடம் போனாள். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கறுத்த விரலைப் பார்த்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “வேண்டாங்க்கா” என்றாள். செல்லத்தாய் கிண்ணத்தோடு கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றாள்.

அங்கே நிற்கும்போது இன்னொரு பயமும் வந்தது. தான் எதையும் வைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சேலையில் ஒட்டிவருகிற கரிமருந்துத் தூசி உலையில் விழுந்திருந்தால்? கழுவிய கையில் மிச்சம் இருந்திருந்தால்? வைக்காமலே வைத்த மாதிரி ஆகியிருக்குமோ? இதை அவள் கருப்பணனிடம்கூடச் சொல்லவில்லை. பொன்னுத்தங்கத்தைத் தானே மதுரைக்குக் கூட்டிப் போவது, அங்கே இதையும் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் மாரித்தாய் தெருப் பெண்களிடம் சங்கதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்த மருமகளின் கையைப் பற்றி. செல்லத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்.

“அத்தை, நான் பொன்னுத்தங்கத்தை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். சோத்துல வச்சதுதான்னு ஒரு டாக்டர் சொன்னாலும் போதும். அங்கனயே பஸ் ஏறி எங்கய்யா வீட்டுக்குப் போயிருவேன், திரும்ப மாட்டேன். இல்லைன்னு சொல்லிட்டாகன்னா, இதே கெணத்தடியில, இவுக முன்னாலயே, நீங்க சொன்னது தப்புன்னு நீங்களே சொல்லணும்.”

மாரித்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கேட்டுக்கொண்டு நின்ற அத்தனை பேரும் சாட்சி ஆகிவிட்டார்கள்.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சீசன் நேரம். லோடு ஏற்ற லாரிகள் கம்பெனி வாசலில் வரிசை கட்டி நின்றன. ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும்போது லீவா என்று மேஸ்திரி கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் அவள் விருதுநகர் பஸ்ஸில் இருந்தாள். பக்கத்தில் பொன்னுத்தங்கம், பின் சீட்டில் உக்கிரபாண்டி. பிள்ளைகள் இரண்டும் வீட்டில் மாரித்தாயிடம். வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பொன்னுத்தங்கத்தைப் படுக்கையில் சேர்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். மூட்டு, முடி, வாய்ப்புண், கன்னத்துத் தடிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வெயிலில் போனால் தடிப்பு கூடுகிறதா என்று கேட்டார். பொன்னுத்தங்கம் ஆமாம் என்று தலையாட்டினாள். அத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் பார்த்தார்கள். நான்காம் நாள் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். உக்கிரபாண்டிக்குப் பொறுமை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

“மருந்துதானுங்களா, டாக்டரம்மா?”

“மருந்துதான். வேற எதுவும் கிடையாது” என்றார் அவர், எழுதுவதை நிறுத்தாமல்.

உக்கிரபாண்டி மெல்லத் திரும்பி மதினியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்கிற பார்வை. செல்லத்தாய்க்குத் தகப்பன் வீட்டு வாசல் கண்ணில் வந்து போனது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். செல்லத்தாய் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“டாக்டரம்மா, கொஞ்சம் நிமிந்து பாருங்க. எங்க ஊருல மருந்துன்னா மூணு இருக்கு. வெடிக்குப் போடுறது ஒண்ணு. நீங்க குடுக்கிறது ஒண்ணு. ஆகாதவுக சோத்துல வைக்கிறது ஒண்ணு. எங்கொழுந்தன் கேட்டது மூணாவது. நீங்க எதுக்கு ஆமான்னு சொன்னீக? என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“நான் சொன்னது நான் கொடுக்கப்போற மாத்திரையை. சோத்துல யாரும் எதுவும் வைக்கலை. வைக்கிற பொருளால வர்ற வியாதியே இல்லை இது.”

அதோடு விட்டிருக்கலாம். அன்றைக்கு அந்த வாசலில் இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் அவர் எழுந்து இருவரையும் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். செல்லத்தாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வட்டத்துக்குள்ளே ஊதா நிறத்தில் புள்ளிகள். நடுவில் ஒன்று மட்டும் எதையோ முழுசாக விழுங்கி உப்பிக் கிடந்தது. அது பொன்னுத்தங்கத்தின் ரத்தம் என்றார் டாக்டரம்மா. வெளியே இருந்து வருகிற கிருமியை எதிர்க்க ஒவ்வொரு உடம்புக்குள்ளும் ஒரு படை உண்டு. இவள் உடம்பில் அந்தப் படைக்கு அடையாளம் தவறிவிட்டது. தன் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையுமே அந்நியம் என்று நினைத்து அடிக்கிறது. அப்படி அடிபட்டுச் செத்த ஒரு துணுக்கைத்தான் அது விழுங்கியிருக்கிறது.

செல்லத்தாய் கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தாள். கம்பெனி வாசலில் தினமும் அவளை நிறுத்தி, தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியை உதறிக் காட்டச் சொல்கிற வாட்ச்மேன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் ஒரு நாள் புத்தி பிசகி, வேலைக்கு வருகிற சொந்தக் கம்பெனி ஆட்களையே திருடன் என்று தடியால் அடித்தால் எப்படி இருக்கும், அப்படியா என்று கேட்டாள். அப்படியேதான் என்றார் டாக்டரம்மா. தான் இதுவரை படித்த புத்தகத்தில்கூட இவ்வளவு லேசாக எழுதவில்லை என்றும் சொன்னார்.

வாட்ச்மேனுக்கு ஏன் புத்தி பிசகியது என்றும் அவள் விடாமல் கேட்டாள். அது முழுசாக இன்னும் உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பிறக்கும்போதே சில உடம்புக்கு அந்த வாகு இருக்கலாம். வெயில் அதைக் கிளப்பிவிடும். பிரசவத்துக்குப் பிறகு தலையெடுப்பதும் உண்டு. ஆம்பளைகளைவிடப் பொம்பளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. ஒரே காரணம் என்று விரலை நீட்டிக் காட்ட முடியாது.

பிறகு செல்லத்தாய் தன் கையை மேஜை மேல் நீட்டினாள். கரிமருந்துத் தூசி சோற்றில் விழுந்து இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டாள். கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. டாக்டரம்மா அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தூசி இந்த வியாதியைக் கொண்டுவந்தது என்று சொல்லத் தன்னிடம் எந்த ஆதாரமும் இல்லை என்றார். அதே உலைச் சோற்றை வீட்டில் மற்றவர்களும்தானே சாப்பிட்டார்கள் என்றும் கேட்டார். எதற்கும் நன்றாகக் கழுவிவிட்டுச் சமையுங்கள், அது எல்லாருக்கும் நல்லது என்றார். செல்லத்தாய் மூச்சை விட்டாள்.

மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டது. மூட்டு வீக்கம் வடிந்தது. வாய்ப்புண் ஆறியது. மாத்திரை வாட்ச்மேனைக் கொல்லாது, அடக்கி உட்கார வைக்கும் என்று டாக்டரம்மா செல்லத்தாயின் பாஷையிலேயே சொல்லி அனுப்பினார். அவன் அடங்கியிருக்கும்போது உண்மையான திருடன் நுழையப் பார்ப்பான், அதனால் சின்னக் காய்ச்சல் வந்தாலும் உடனே வர வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெயில் ஆகாது. செல்லத்தாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பஸ் ஸ்டாண்டில் உக்கிரபாண்டி “மதினி” என்று கூப்பிட்டான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பொன்னுத்தங்கம் மட்டும் எதுவும் பேசவில்லை. எல்லாவற்றையும் செல்லத்தாய் அவளுக்கு விளக்கிச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் சாப்பிட்டாள், புருஷன் கையால் சாப்பிட்டாள். அக்காவை ஏறெடுத்துப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை, ‘இவள் இன்னும் என்னை நம்பவில்லை’ என்றே செல்லத்தாய் எடுத்துக்கொண்டாள். இத்தனை கெட்டிக்காரிக்கு அது மட்டும் விளங்கவில்லை.

வீட்டில் மாரித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்ததையும் கேட்டாள், வாட்ச்மேன் கதையையும் கேட்டாள். சின்ன மகனும் ஆமாம் என்று சொன்னான். பிறகு கேட்டாள்.

“அப்ப யாருமே வைக்கலையா?”

“யாருமே வைக்கல.”

“பின்ன நான் யாரு மேலதான் கோவப்படுறது?”

பாவம், அவள் மனசாரத்தான் கேட்டாள். ஐந்து மாதமாக மருமகள் துடித்ததைப் பார்த்து நொந்தவள் அவளும்தான். காரணம் என்று ஓர் ஆள் இருந்தால் திட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம். ஆள் இல்லாத வியாதியை அவள் என்ன செய்வாள்? இது செல்லத்தாய்க்கும் புரிந்தது. ஆனாலும் பட்டதை விழுங்கிக்கொண்டு போகிற ஜாதி இல்லை அவள்.

“யாரு மேலயும் இல்லத்தை. சொந்த ஆளையே அந்நியம்னு நெனைச்சு அவ உடம்பு அடிச்சிருக்கு. நீங்களும் எனக்கு அதையேதான் செஞ்சீக.”

மாரித்தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பொன்னுத்தங்கத்தின் வியாதி ஒரேயடியாகப் போய்விடவில்லை. அறுபத்தாறில் மறுபடி கால் வீங்கியது. இந்த முறை மறுநாளே மதுரைக்குப் போனார்கள், பத்து நாளில் திரும்பி வந்தார்கள். மாத்திரை ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும். வெள்ளைத் துணிக்குடை பிடித்துக்கொண்டு அவள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போவதைத் தெருவே பார்த்தது. செல்லத்தாய் திரி வெட்டப் போய்க்கொண்டேதான் இருந்தாள். சிவகாசியிலிருந்தோ பக்கத்துத் தெருவிலிருந்தோ யாராவது மூட்டு வீங்கிய பெண்ணை, மருந்து எடுக்கப் போகலாமா என்று யோசித்துக்கொண்டு அவளிடம் கூட்டிவருவார்கள். முதலில் மதுரைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள்.

ஆனால் அவளுக்கு மறக்காதது மதுரையிலிருந்து வந்த மறுநாள் காலைதான். விடிந்ததும் மாரித்தாய் குடத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனாள். அங்கே கூட்டம் இருக்கிற நேரம். எதற்குப் போகிறாள் என்று செல்லத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. ‘நான் சொன்னது தப்பு’ என்கிற அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகத்தான் அவள் மதுரைக்குப் போனாள், சீசனில் வேலையை விட்டுவிட்டுப் போனாள், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கிணற்றடியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு வாசலைத் தாண்டினாள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மெலிந்த சத்தம்தான். அந்த மாத்திரைக்கு நன்றாகப் பசி எடுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

“அக்கா, பசிக்குது.”

செல்லத்தாய் அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கிணற்றடியில் மாரித்தாய் பேச ஆரம்பித்துவிட்டாள், பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே என்ன சொன்னாள் என்பதை மற்றவர்கள்தான் பிறகு செல்லத்தாய்க்குச் சொன்னார்கள். அவள் அப்போது முழங்கை வரைக்கும் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போயிருந்தாள்.